தடையற்ற வாணிப ஒப்பந்தங்களும் விவசாயமும்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பத்திரங்களைத் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், என்னிடம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருக்கும். லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் வெங்காயத்தைப் பற்றிக் கேட்பார். நிபோங் திபாலில் ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் உறவினர் பாமாயிலைப் பற்றிக் கேட்பார். பாலிக் பூலாவ் தோட்டக்காரர் டுரியானைப் பற்றிக் கேட்பார். அவர்களுக்குச் சொன்ன பதில்களையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

தடையற்ற வாணிப ஒப்பந்தம் நடைமுறையில் எதைச் செய்கிறது?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகள், தமக்குள் விற்றுக்கொள்ளும் பொருள்களுக்கான இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைக்கவோ அடியோடு நீக்கவோ உடன்படுகின்றன. ஓர் உறுப்பு நாட்டுக்குக் கொடுத்த வரிச் சலுகையை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது உலக வாணிப நிறுவனத்தின் பொது விதி. சரக்கு வாணிபத்துக்கு அந்த நிறுவனத்தின் அடிப்படை ஏடான காட் உடன்படிக்கையின் 24-ஆவது விதி அதற்கு ஒரு விலக்கு அளிக்கிறது: தங்களுக்கு இடையிலான வாணிபம் “கணிசமாக முழுவதையும்” உள்ளடக்கினால், சில நாடுகள் மட்டும் கூடி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். “முழுவதும்” என்று சொல்லாமல் “கணிசமாக” என்று சேர்த்துக்கொண்டதில்தான் விவசாயத்தின் கதையே அடங்கியிருக்கிறது. கார் உதிரிப்பாகத்துக்கும் மின்னணுச் சில்லுக்கும் சுலபமாக உடன்படுகிறவர்கள், அரிசி, பால், சீனி என்று வரும்போது அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு விலக்குக் கேட்பார்கள். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்டு 2005-இல் நடப்புக்கு வந்த ஒப்பந்தத்தில், ஆஸ்திரேலியச் சீனிக்குக் கூடுதலாக ஒரு மூட்டை இடம்கூடக் கிடைக்கவில்லை. தடையற்ற வாணிபத்தைப் பற்றி உலகுக்கு எடுத்துரைக்கும் நாடுகளே தங்கள் விவசாயி என்று வரும்போது இப்படித்தான் நடந்துகொள்கின்றன என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மலேசியா எந்தெந்த ஒப்பந்தங்களில் இருக்கிறது?

ஆசியானுக்குள் 1992-இல் தொடங்கிய ஏற்பாடு, 2010 முதல் ஆசியான் சரக்கு வாணிப உடன்படிக்கையாக நடப்பில் இருக்கிறது. ஆசியான் கூட்டாக இந்தியாவுடன் செய்துகொண்ட சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி முதலும், மலேசியா தனியாக இந்தியாவுடன் செய்துகொண்டது 2011 ஜூலை முதலும் அமலில் உள்ளன. சீனா, ஜப்பான், பாகிஸ்தான், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, சிலி, துருக்கி ஆகியவற்றுடனும் ஒப்பந்தங்கள் உள்ளன. பெரிய கூட்டு ஒப்பந்தங்களில், ஆசியானும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்த ஆர்செப் 2022 மார்ச்சிலும், பசிபிக் வட்டார நாடுகள் சேர்ந்த சி.பி.டி.பி.பி. 2022 நவம்பரிலும் மலேசியாவுக்கு நடப்புக்கு வந்தன.

இத்தனை ஒப்பந்தங்கள் இருந்தும் அரிசி ஏன் மலிவாகவில்லை?

அரிசி இந்த ஒப்பந்தங்களுக்குள் முழுமையாக வரவே இல்லை என்பதே காரணம். ஆசியானுக்குள் ஏறக்குறைய எல்லாப் பொருள்களுக்கும் வரியை நீக்கிவிட்ட மலேசியா, அரிசிக்கு 20 விழுக்காடு வரியை வைத்துக்கொண்டது. அதைவிட முக்கியமானது, அரசாங்க நெல், அரிசி வாரியமாக இருந்து 1996-இல் நிறுவனமாக மாற்றப்பட்ட பெர்னாஸிடம் இறக்குமதிக்கான ஒற்றை உரிமம் இருப்பது. அந்த உரிமம் 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தாய்லாந்திலோ வியட்நாமிலோ விலை இறங்கினாலும், நினைத்தபோது நினைத்தவர் கப்பல் பிடித்து அரிசி கொண்டு வந்துவிட முடியாது.

இதனால் கெடாவின் மூடா வயல்களுக்கும், அக்கரையில் செபராங் பிறை வயல்களுக்கும் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது என்பது உண்மை. நெல்லுக்கு அரசாங்கம் குறைந்தபட்ச விலையும் நிர்ணயிக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. உலகச் சந்தையில் விலை ஏறியது. செப்டம்பரில் இங்கே இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. உள்நாட்டு வெள்ளை அரிசிக்கோ 10 கிலோவுக்கு 26 ரிங்கிட் என்று விலை கட்டப்பட்டிருந்தது. இரண்டுக்கும் இடைவெளி இவ்வளவு விரிந்தபோது, உள்நாட்டு அரிசி கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனதில் வியப்பில்லை. நம் வீட்டுப் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கிய அந்த மாதங்களுக்குத் தடையற்ற வாணிபத்தைக் குற்றம் சொல்ல முடியாது; அது கட்டுண்ட வாணிபத்தின் விளைவு.

சீனாவுக்கு டுரியான் அனுப்ப வரி இல்லையென்றால், பல காலமாக ஏன் பச்சைப் பழம் (உறைய வைக்காத பழம்) போகவில்லை?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் வரி என்பது பல பூட்டுகளில் ஒன்று மட்டுமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை. சில பொருள்களுக்கு மட்டும் முன்கூட்டியே வரியைக் குறைக்க ஆசியானும் சீனாவும் செய்துகொண்ட முன்னறுவடைத் திட்டத்தின் கீழ், பழங்களுக்கான வரி 2006-க்குள் நீங்கிவிட்டது. ஆனால் மலேசியாவிலிருந்து 2011-இல் உறைய வைத்த சுளைக்கும், 2019-இல் உறைய வைத்த முழுப் பழத்துக்கும் மட்டுமே அனுமதி கிடைத்தது. பச்சைப் பழத்துக்கான நெறிமுறை கையெழுத்தானது 2024 ஜூனில். வரி நீங்கியதற்கும் பழம் உள்ளே போனதற்கும் இடையில் 18 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. அந்தக் காலம் முழுவதும் தாய்லாந்து பச்சைப் பழத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. வியட்நாமும் 2022-இல் உள்ளே நுழைந்துவிட்டது.

இந்த இடைவெளிக்குக் காரணம் நோய்ப்பூச்சித் தடுப்பு விதிகள். தோட்டமும் பொட்டலம் கட்டும் இடமும் சீனச் சுங்கத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். காம்பின் இடுக்கிலும் முட்களுக்கு நடுவிலும் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கக் கூடாது. இதற்காகவே காற்றைப் பீய்ச்சிப் பழத்தைச் சுத்தம் செய்கிறார்கள். இதில் நம் வழக்கம் வேறு குறுக்கே நிற்கிறது. தாய்லாந்துக்காரர்கள் முற்றிய காயை மரத்திலேயே வெட்டி இறக்கி, வழியில் பழுக்க விடுகிறார்கள். பாலிக் பூலாவ் சரிவுகளில் மரங்களுக்கு அடியில் வலை கட்டி, பழம் தானாக உதிரக் காத்திருக்கிறார்கள். இரவில் விழுந்த பழத்தைக் காலையில் பொறுக்கி, இரண்டு மூன்று நாளுக்குள் தின்றாக வேண்டும். அந்தச் சுவைக்காகத்தான் இவ்வளவு விலை. அந்தச் சுவையினாலேயே லாரியிலும் கப்பலிலும் அனுப்ப முடியாமல் விமானத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தால் வாசல் திறந்தாலும், பதிவுக்கும் சான்றிதழுக்கும் விமானக் கட்டணத்துக்கும் தாக்குப்பிடிப்பவர் பெரும்பாலும் பெரிய தோட்டக்காரராகவே இருப்பார். நாற்பது மரம் வைத்திருப்பவர் அவருக்குப் பழம் விற்பவராகிவிடுகிறார். அது நட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏற்றுமதியாளர் என்றும் சொல்ல மாட்டேன்.

நம் பாமாயில் இந்தியாவுக்குப் போவதால் அங்குள்ள விவசாயிகளுக்கு என்ன ஆகிறது?

ஒப்பந்தங்களில் வரும் “பங்காளி நாடு” என்ற சொல் நமக்கு வெறும் சொல்லாக இல்லாமல் போகும் இடம் இதுதான். நிபோங் திபாலில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் பெரியப்பா மகன் பொள்ளாச்சியில் தென்னை வைத்திருந்தால், ஒரே விலைப் பட்டியலைப் பார்த்து ஒருவர் மகிழ்வார், மற்றவர் வயிறு எரிவார். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் பாமாயில் மலிவு விலைக்கு விற்கப்படுகிறது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை விற்கச் சொல்லித் தென்னை விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். கேரளத்தில் ஆசியான் ஒப்பந்தம் கையெழுத்தான 2009-லேயே, மிளகும் தேயிலையும் தேங்காயும் அடிபடும் என்று இடதுசாரிகள் மாநிலம் நெடுக மனிதச் சங்கிலி அமைத்தார்கள்.

அவர்களுடைய அச்சத்தை இந்திய அரசு முற்றிலும் புறக்கணித்தது என்று சொல்லிவிட முடியாது. 489 பொருள்களை ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்தது. பாமாயில், காப்பி, தேயிலை, மிளகு ஆகியவற்றைத் தனி வகையாக்கி, வரியை நீக்காமல் மெல்லக் குறைக்க மட்டும் ஒப்புக்கொண்டது. கச்சாப் பாமாயிலுக்கு 37.5 விழுக்காடும் சுத்திகரித்த பாமாயிலுக்கு 45 விழுக்காடும் இறுதி உச்சவரம்புகள். வரம்புக்குள் வரியை ஏற்றுவதும் இறக்குவதும் டெல்லியின் கையில்தான் இருக்கிறது. உள்நாட்டில் எண்ணெய் விலை ஏறினால் வரியை இறக்குவார்கள், எண்ணெய்வித்து விவசாயிகள் குரல் எழுப்பினால் ஏற்றுவார்கள். இங்கே குலைக்குக் கிடைக்கும் விலை அதற்கேற்ப ஆடும்.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியாவுடனான தனி ஒப்பந்தத்தின்படி நம் சுத்திகரித்த எண்ணெய்க்கு 45 விழுக்காடும் இந்தோனேசிய எண்ணெய்க்கு 50 விழுக்காடும் வரி இருந்தது. அந்த ஐந்து விழுக்காட்டு வித்தியாசத்தில் நம் எண்ணெய் வெள்ளமாகப் பாய்ந்தது. செப்டம்பரில் இந்தியா மலேசிய எண்ணெய்க்கு மட்டும் ஐந்து விழுக்காடு பாதுகாப்பு வரி விதித்து அந்தச் சலுகையைத் துடைத்தது. காஷ்மீர் குறித்து அன்றைய பிரதமர் மகாதீர் பேசியதைத் தொடர்ந்து உறவு கசந்திருந்த 2020 ஜனவரியில், சுத்திகரித்த பாமாயில் இறக்குமதி உரிமம் இல்லாமல் இறக்க முடியாத “கட்டுப்படுத்தப்பட்ட” பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, எண்ணெய்தான் போகவில்லை.

இலங்கை வழியாக வரும் மிளகைப் பற்றிய புகார் என்ன?

2000 முதல் நடப்பிலுள்ள இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி, இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரையில் வரியின்றி இந்தியாவுக்குள் போகலாம். வியட்நாம் மிளகும் இலங்கை மிளகு என்ற பெயரில் உள்ளே வருகிறது என்பது குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகளின் நெடுநாள் குற்றச்சாட்டு. காய்ந்த மிளகின் முகத்தைப் பார்த்து அது எந்த நாட்டுக் கொடியில் காய்த்தது என்று சுங்க அதிகாரி சொல்லிவிட முடியாது; பிறப்பிடச் சான்றிதழைத்தான் பார்ப்பார். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை என்று விதித்து இதைத் தடுக்க முயன்றது.

மெக்சிகோவின் மக்காச்சோளக் கதையை எல்லோரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

பாதிக்கு மேல் உண்மை, ஆனால் சொல்லப்படும் விதத்தில் அல்ல. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றின் நாஃப்டா ஒப்பந்தம் 1994 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. அதே நாளில் சியாபாஸ் மாநிலத்தில் சபாத்திஸ்தாக்கள் என்ற பழங்குடி விவசாயப் போராளிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மக்காச்சோளத்துக்கு மெக்சிகோ 15 ஆண்டு அவகாசம் வாங்கியிருந்தது: முதல் ஆண்டில் 25 லட்சம் டன் வரியின்றி வரலாம், அதற்கு மேல் வந்தால் 215 விழுக்காடு வரி, அது 2008-க்குள் படிப்படியாகப் பூஜ்யமாகும். இப்படிப்பட்ட அவகாசத்தை எந்த விவசாயச் சங்கமும் இரு கைகளாலும் வாங்கிக்கொள்ளும்.

நடந்தது வேறு. கோட்டாவைத் தாண்டி வந்த சோளத்துக்கு அந்த உயர்ந்த வரியைப் பெரும்பாலான ஆண்டுகளில் மெக்சிகோ அரசே வசூலிக்கவில்லை. கால்நடைத் தீவனமும் உணவும் மலிவாக வேண்டும் என்ற நெருக்கடிக்கு முன்னால் விவசாயியின் அவகாசம் தாளில் மட்டும் நின்றது. விளைபொருளை வாங்கி வந்த அரசு நிறுவனமான கொனாசுபோவும் 1999-இல் மூடப்பட்டது. அமெரிக்க மக்காச்சோளமோ அந்நாட்டு அரசின் மானியத்தோடு விளைந்தது. மலைச்சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தவருக்கு விலை விழுந்தது. பலர் ஊரை விட்டுப் போனார்கள்.

இருந்தும் மெக்சிகோவில் சோளச் சாகுபடி அழிந்துவிடவில்லை. தொர்த்தியா ரொட்டிக்கான வெள்ளைச் சோளத்தை சினலோவாவின் பெரிய பாசனப் பண்ணைகள் முன்னைவிட அதிகமாக விளைவித்தன. வெளியிலிருந்து வந்தது பெரும்பாலும் தீவனத்துக்கான மஞ்சள் சோளம். தக்காளியும் அவகாடோவும் வடக்கே பெருகிப் போயின. அந்த அவகாடோவுக்கும் ஒரு டுரியான் கதை உண்டு: பூச்சி வரும் என்று 1914-இல் அமெரிக்கா போட்ட தடை, நாஃப்டா வந்து மூன்று ஆண்டுகள் கழித்து 1997-இல்தான் தளரத் தொடங்கியது. ஆகவே “மெக்சிகோ விவசாயம்” வென்றதா தோற்றதா என்று கேட்டால் விடை கிடைக்காது. தண்ணீர், சாலை, கடன் மூன்றும் உள்ளவர் பிழைத்தார். மூன்றும் இல்லாதவர் தோற்றார்.

பாதுகாப்போடு திறந்துவிட்ட நாடு எதுவும் இல்லையா?

2004-இல் சிலியுடன் முதல் ஒப்பந்தம் செய்த தென்கொரியாவைச் சொல்லலாம். அரிசி, ஆப்பிள், பேரிக்காய் மூன்றையும் வெளியே வைத்தது. திராட்சைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதாவது தன் நாட்டுத் திராட்சை சந்தையில் இல்லாத மாதங்களில் மட்டும், வரியைக் குறைத்தது. சிலி பூமியின் தென்பாதியில் இருப்பதால் இது இரு பக்கத்துக்கும் பொருந்திப்போனது. பருவத்தை ஒட்டிய இந்த வரி, வரியை அடியோடு வைத்திருப்பதைவிடவும் அடியோடு எடுப்பதைவிடவும் புத்திசாலித்தனமானது என்பது என் எண்ணம். கேமரன் மலைக் காய்கறிக்காரர்கள் இதையொத்த ஏற்பாட்டைக் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

பிலிப்பீன்ஸ் வேறு வழியில் போனது. 2019-இல் அரிசி இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாட்டை நீக்கி, ஆசியான் அரிசிக்கு 35 விழுக்காடு வரியாக மாற்றியது; வரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,000 கோடி பெசோவை விதைகளுக்கும் இயந்திரங்களுக்கும் ஒதுக்கியது. அரிசி உண்பவருக்கு விலை இறங்கியது, நெல் விற்பவருக்கும் இறங்கியது; விதையும் இயந்திரமும் வந்து சேர்வதற்குள் அந்தப் போகத்துக்கான விலை கைவிட்டுப் போய்விட்டது. 2024-இல் விலைவாசியைக் காரணம் காட்டி வரியை 15 விழுக்காடாகக் குறைத்தார்கள்.

மானியத்தை இந்த ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்துகின்றனவா?

பெரும்பாலும் இல்லை. உள்நாட்டு மானியம் ஜெனீவாவிலுள்ள உலக வாணிப நிறுவனத்தில், 1995-இல் நடப்புக்கு வந்த விவசாய உடன்படிக்கையின் கீழ் பேசப்பட வேண்டியது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஏழை நாடு தன் வரியை இறக்க வேண்டும், பணக்கார நாடு தன் மானியத்தைத் தொட வேண்டியதில்லை என்ற ஏற்றத்தாழ்வு இதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தியா வெங்காயத்தை நிறுத்தியபோது ஒப்பந்தம் ஏன் உதவவில்லை?

இந்த ஒப்பந்தங்கள் வாங்குபவரின் வரியைக் கட்டுகின்றன. விற்பவரின் கதவைக் கட்டுவது அரிது. உணவுப் பற்றாக்குறையைத் தவிர்க்கத் தற்காலிகமாக ஏற்றுமதியை நிறுத்தலாம் என்று காட் உடன்படிக்கையின் 11-ஆவது விதியே இடம் கொடுக்கிறது. இந்தியா 2023 ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது, டிசம்பரில் அடியோடு நிறுத்தியது, 2024 மே மாதம்தான் திறந்தது. நாசி கண்டார் கடைக்காரர்கள் கறிக்கு வதக்கும் பெரிய வெங்காயத்துக்கு வேறு நாட்டு மூட்டைகளைத் தேடினார்கள். தண்ணீர் அதிகம், வதங்க நேரமாகிறது, குழம்பு இனிக்கிறது என்று அவர்கள் புலம்பியதைக் காதால் கேட்டிருக்கிறேன். அதே நாள்களில் நாசிக் விவசாயியும் நல்ல விலையை இழந்து தெருவில் இறங்கியிருந்தார்.

இதற்காக இந்தியாவைத் திட்டுவோர், 2022 ஜூனில் நாம் மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்தி, சிங்கப்பூரின் கோழிச் சோற்றுக் கடைகளைக் கலங்க வைத்ததை நினைத்துக்கொள்ள வேண்டும்.

விதை சேமித்து வைப்பது குற்றமாகிவிடுமா?

இப்போதைக்கு இல்லை, ஆனால் கேள்வியில் அர்த்தம் உண்டு. சி.பி.டி.பி.பி. ஒப்பந்தம், புதிய பயிர் ரகங்களைப் பாதுகாக்கும் உபோவ் 1991 உடன்படிக்கையில் சேரச் சொல்கிறது. மலேசியாவுக்கு இதற்குச் சில ஆண்டு அவகாசம் கிடைத்தது. நம் 2004-ஆம் ஆண்டுச் சட்டம், சிறு விவசாயிகள் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையையும் தமக்குள் மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. உபோவ் 1991-இன் கீழ், தன் நிலத்தில் மறுபடி விதைக்க மட்டும் அரசு விரும்பினால் விலக்குத் தரலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பதற்கு அவ்வளவு எளிதில் இடமில்லை. பாட்டன் காலத்து நாட்டு விதைகளை இது தொடாது, பதிவு செய்யப்பட்ட புதிய ரகங்களைத்தான் தொடும். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், பினாங்கையே தலைமையிடமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பும் இதை எதிர்த்து வருகின்றன. வரியைப் பற்றிய பேச்சில் விதைச் சட்டம் எப்படி நுழைந்தது என்று அவர்கள் கேட்பதற்கு எனக்கு இன்னும் சரியான விடை கிடைக்கவில்லை.

சிறு வியாபாரி ஒருவர் இந்தச் சலுகையைப் பெற என்ன செய்ய வேண்டும்?

முதலில் பொருளின் சுங்கக் குறியீட்டு எண்ணைச் சரியாகக் கண்டறிய வேண்டும்: மிளகுக்கு 0904, வெங்காயத்துக்கு 0703.10, டுரியானுக்கு 0810.60. அடுத்து, அந்த எண்ணுக்கு எந்த ஒப்பந்தத்தில் வரி குறைவு என்று பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு ஒப்பந்தங்கள் இருப்பதால் இரண்டையும் ஒப்பிடுவது அவசியம். பிறகு பிறப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டும்: ஆசியானுக்குள் ‘டி’ பாரம், ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்துக்கு ‘ஏஐ’ பாரம். இங்கேயே விளைந்த பொருளுக்குச் சிக்கல் இல்லை. கொக்கோத் தூள் போன்றவற்றுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கொட்டை பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. இந்தியாவுக்கு அனுப்பும்போது விலையில் 35 விழுக்காடு நம் பக்கத்து மதிப்பு என்று காட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் நாங்கள் ஒருமுறை மாட்டிக்கொண்டோம். சென்னைக்குப் போன கொக்கோத் தூளுக்கு, விலைப்பட்டியலில் நிகர எடையையும் சான்றிதழில் பையோடு சேர்த்த எடையையும் எழுதிவிட்டோம். ஒரு பைக்கு அரைக் கிலோதான் வித்தியாசம். சான்றிதழைத் திருத்தி அனுப்பும்வரை சரக்குப்பெட்டி ஒன்பது நாள் துறைமுகத்தில் நின்றது. நாள் வாடகையைக் கூட்டிப் பார்த்தபோது, மிச்சமாக வேண்டிய வரியைவிட அது அதிகமாகியிருந்தது.